களிமண்ணில் நசுங்காத கட்டைவிரல் ரேகை

மல்லாந்து படுத்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகும் ரோட்டில், ஒரு பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கம், கித்தான் கூரைக்குக் கீழே வெறும் பலகையில் கிடந்தேன். தலைக்குக் கையைக்கூட அண்டக்கொடுக்கவில்லை. கொடுத்தால் அதிர்வில் பாதியைக் கை வாங்கிக்கொள்ளும், மீதிதான் எனக்குத் தெரியும். எனக்கு முழுசும் தெரிய வேண்டியிருந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முதுகில் ஓர் அறை. அடுத்த பள்ளம். இன்னோர் அறை. நடுவில் ஒன்றுமில்லை.

அந்த ‘ஒன்றுமில்லை’தான் இடித்தது.

ஷாக் அப்சர்பர் என்ற உறுப்பு எதற்கு இருக்கிறது? பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டி, ஸ்பிரிங்கின் துள்ளலில் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே போகாமல் அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு. அன்று காலையில்தான் எங்கள் ஃபோர்மேன் பின்சக்கரம் இரண்டிலும் அதன் இணைப்பைக் கழற்றிவிட்டிருந்தார். அது இறுகிப்போய்த்தான் வண்டி குலுக்குகிறதா என்று பார்ப்பதற்கான சோதனை அது. ஆக, ஆட்டத்தைப் பிடித்து நிறுத்த ஆளே இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி ஊஞ்சலாடியிருக்க வேண்டும். எனக்குக் குமட்டியிருக்க வேண்டும். ஆனால் வண்டி ஓர் அறை அறைந்துவிட்டுச் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று ஒர்க்ஷாப்பில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். தளரவில்லை. அது அசையவே இல்லை. நான் படுத்திருந்தது வண்டியில் அல்ல, நாலு சக்கரம் வைத்த பாறாங்கல்லில்.

எழுந்து கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத் தகரத்தை ஓங்கித் தட்டினேன்.

பஸ் டிப்போவில் இப்போது வேலை பார்க்கும் பையன்கள், நான் ஓய்வுபெற்ற பிறகும் அவ்வப்போது வீட்டுக்கு வருகிறார்கள். “பழைய காலத்துல மிஷின் ஒண்ணும் இல்லாம எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்கிறார்கள். மந்திரம் என்று நினைக்கிறார்கள். மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இல்லை, மண்ணாங்கட்டி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, கிளார்க் வேலைக்கு மனுப் போடு என்று வீட்டில் சொன்னதைக் கேட்காமல், மதுரையில் மோட்டார் வேலை கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே கற்றதை ஒரு வரியில் சொல்லலாம்: எஞ்சினை இருபது விதமாகப் பிரிக்கவும், பத்தொன்பது விதமாகத் திரும்பப் பூட்டவும் தெரிந்தது. அந்தக் கையோடு சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருந்த ஒர்க்ஷாப்பில் சேர்ந்தேன். எதைக் கண்டாலும் உடனே கழற்ற வேண்டும் எனக்கு. கேட்பதற்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

ஃபோர்மேன் ஆபிரகாமுக்கு அந்த அவசரம் பிடிக்காது. யுத்தத்தின்போது பட்டாளத்து லாரிகளோடு பர்மா எல்லைவரை போய்வந்தவர். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. முதலில் பஞ்சு வேஸ்ட்டை எடுத்துக் கையைத் துடைப்பார். ஒரு விரல், அடுத்த விரல், அதன் இடுக்கு, நகக்கண். துடைத்து முடிப்பதற்குள், கேட்டது முட்டாள்தனம் என்றால் நமக்கே புரிந்து, “ஒண்ணுமில்ல ஸார்” என்று போய்விடுவோம். வண்டிக்காரர்கள் வந்து, “கிளச்சு போச்சு”, “கியர் போச்சு” என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். “நீரு வியாதியச் சொல்லாதேயும்வே. வலியச் சொல்லும். எங்கன வலிக்கி, எப்ப வலிக்கி, அதச் சொல்லும்” என்பார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை ஒரு ஸ்பானரைக்கூட யாரும் எடுக்கக் கூடாது.

எனக்கு அவர் வைத்த பெயர் ‘எஸ்ஸெல்சி’. “ஏலே எஸ்ஸெல்சி, அந்த ஜாக்கிய எடு” என்றுதான் கூப்பிடுவார். பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

பிக்கப் வண்டி ஊரில் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரம்மாவுடையது. யுத்தம் முடிந்ததும் பட்டாளம் ஏலம் விட்ட வண்டிகளில் ஒன்று. முதலில் ஒரு பருத்தி அரவை ஆலைக்காரர் எடுத்துப் பொதி ஏற்றி ஓட்டினார். அவரிடமிருந்து டாக்டரம்மா வாங்கி, பின்பக்கம் கித்தான் கூரை போட்டு, சுற்றுக் கிராமங்களிலிருந்து கர்ப்பிணிகளை ஏற்றிவர வைத்துக்கொண்டார். வண்டியோடு அதன் டிரைவர் சுடலைமுத்துவும் ஆலையிலிருந்து வந்துவிட்டார். டிரைவராவதற்கு முன்னால் குருவிகுளம் பக்கம் மாட்டுவண்டி ஓட்டியவர். நல்ல உயரம். பேச்சு குறைவு, பேசினால் வெட்டு.

ஒரு நாள் அவர் வண்டியை ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைக் கொண்டுவந்து ஃபோர்மேன் முன்னால் வைத்தார்.

“எடுத்துக்கிடும். நான் இனி இத ஓட்ட மாட்டேன்.”

ஃபோர்மேன் கையைத் துடைக்க ஆரம்பித்தார். “வலியச் சொல்லும்.”

“வலி எனக்கு இல்ல. எந்தங்கச்சி பேச்சிக்கு. குருவிகுளத்துல இருக்கா, மாசமா. ஏற்கெனவே ரெண்டு தங்கல. இப்பம் லேசா உதிரம் படுதுன்னு டாக்டரம்மா போய்ப் பாத்துட்டு, ஆஸ்பத்திரியில வந்து படுத்தே கெடக்கணும், அசையக் கூடாதுங்காக. கொண்டு வாரது எதுல? இதுலதான். போன மாசம் இந்த வண்டியில ஒரு பிள்ளத்தாச்சிய ஏத்திட்டு வந்தேன். வாற வழியிலயே அந்தப் பொண்ணுக்கு எல்லாம் முடிஞ்சி போச்சி. நான்தான் ஓட்டினேன். எந்தங்கச்சிய இதுல ஏத்த மாட்டேன்.”

“மாட்டுவண்டியில கூட்டிட்டு வாரது?” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, மாட்டுவண்டியில நீரு போயிருக்கீரா? அது ஒரு நாள் பூரா இடிக்கும். இது ரெண்டு மணி நேரம் இடிக்கும். எது தேவலன்னு நீரே சொல்லும்.”

அவர் போன கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே வந்துவிட்டார். உட்காரச் சொன்ன பெஞ்சில் உட்காரவில்லை. “ஃபோர்மேன், எனக்கு ஸ்பிரிங் தெரியாது, டயர் தெரியாது. அந்தப் பொண்ணு படுத்தபடி வரணும், குலுங்காம வரணும். ஐப்பசி மழை விழுந்துட்டா அவங்க ஊர் கரிசல் ரோட்டுல எந்தச் சக்கரமும் போகாது. அதுக்கப்புறம் எனக்கு அவளும் இல்லை, குழந்தையும் இல்லை. மழைக்கு முன்னால முடியுமா, முடியாதா?”

ஃபோர்மேன் பஞ்சைக் கீழே போட்டார். துடைக்காமல் அவர் பதில் சொன்னது அன்றுதான். “முடியும்மா.”

வானத்தில் மேற்கே சிவகிரி மலைப் பக்கம் மேகம் கூடிக்கொண்டிருந்தது. வெயிலும் இருந்தது. அந்த மாதத்து வெயிலை நம்ப முடியாது.

முதலில் டயர். பஞ்சுப் பொதி சுமந்த காலத்துக் காற்றளவிலேயே இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள். கல் மாதிரி இருந்தது. காற்றைக் குறைத்தோம். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அடுத்து ஃபோர்மேன் ஒரு முடிவுக்கு வந்தார்: ஆலைக்காரர்கள் கண்டபடி பாரம் ஏற்றியதில் பின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பள்ளத்தில் விழும்போது அச்சு மேலே வந்து, வண்டியின் அடிச்சட்டத்தில் இருக்கும் ரப்பர் கட்டையில் முட்டுகிறது. அந்த முட்டல்தான் இந்த அறை. மதுரையிலிருந்து பட்டை வரவழைத்துப் பக்கத்துக்கு ஒன்று சேர்த்துவிட்டால் சரியாகும்.

பட்டை என்றால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வில்லாக வளைத்த இரும்புப் பட்டைகள். பாரம் விழும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக் கொடுக்கும். அதுதான் அந்தக் காலத்து ஸ்பிரிங். ஃபோர்மேன் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை எனக்கு. பட்டைக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் ஷாக் அப்சர்பரையும் பார்த்துவிடுவோம் என்று இணைப்பைக் கழற்றி, வண்டியை அவரே ஓட்டினார். நான் பின்னால் ஏறிப் படுத்தேன். படுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பேச்சி படுத்துத்தானே வர வேண்டும் என்று தோன்றியது, படுத்தேன்.

தகரத்தைத் தட்டியதும் வண்டி நின்றது. இறங்கி ஓடிப்போய்ச் சொன்னேன்.

“ஸார், ஸ்பிரிங் தளரல. வேலையே செய்யல. எங்கயோ இறுகிக் கெடக்கு. இதுல இன்னொரு பட்டையப் போட்டா இன்னும்தான் அறையும்.”

“ஏலே, நீ பின்னால பலகையில படுத்துட்டுச் சொல்லுத. நான் ஸ்டேரிங்கப் புடிச்சிட்டு வாரேன். அச்சு முட்டுத சத்தம் எனக்குக் கேக்கு.”

“சத்தம் கேக்கு ஸார். முட்டுததப் பாத்தீங்களா?”

ரோட்டில் நின்றபடியே இடுப்பிலிருந்து வேஸ்ட்டை எடுத்தார். துடைத்தார். ஒவ்வொரு விரலாக. நான் ‘ஒண்ணுமில்ல ஸார்’ சொல்லவில்லை. பத்து விரலும் முடிந்தது. மறுபடி முதல் விரலுக்கு வந்தார். நானும் நின்றேன்.

“எப்படிலே பாக்கது? நீ அச்சு மேல உக்காந்து வாரியா?”

பக்கத்தில் ஒரு குளம். கரையில் இறங்கிக் கை நிறையக் களிமண் அள்ளி வந்தேன். உருட்டி, வண்டிக்கு அடியில் புகுந்து, இரண்டு பக்கமும் ரப்பர் கட்டைக்கு அடியில், அச்சு வந்து முட்டும் இடத்தில் ஒட்டினேன். ஒட்டி, கட்டைவிரலால் ஓர் அமுக்கு. “அச்சு முட்டினா இது அடை மாதிரி நசுங்கிரும் ஸார். நசுங்கினா நீங்க சொன்னது. நான் பட்டைக்கு மதுரை போறேன்.”

“நசுங்கலன்னா?”

“நான் சொன்னத நீங்க கேக்கணும்.”

“பந்தயமா கட்டுதாரு எஸ்ஸெல்சி” என்று ஏறி உட்கார்ந்தார். அந்த ரோட்டில் இருந்த பள்ளம் ஒன்றையும் விடாமல், சிலவற்றில் திரும்பி வந்தும் இறக்கினார். எனக்குப் பல் கிட்டியது. ஒர்க்ஷாப்புக்கு வந்ததும் நான் இறங்குவதற்குள் அவரே அடியில் புகுந்துவிட்டார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. பிறகு அவர் கை மட்டும் வெளியே வந்தது. உள்ளங்கையில் களிமண் உருண்டை. அதன்மேல் என் கட்டைவிரல் ரேகை, வைத்தது வைத்தாப்போல.

“சரி. சொல்லு” என்றார் அடியிலிருந்தே.

அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். தோற்றதற்கு முகம் சுண்டுவது கிடையாது. அடுத்த வேலை என்ன என்பதுதான்.

பக்கத்தில் பஞ்சு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டுப் பின்னால் ஏற்றினோம். அச்சிலிருந்து சட்டம்வரை ஒரு குச்சியை நிறுத்தி அடையாளம் போட்டிருந்தேன். அத்தனை பேர் ஏறியும் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி குறையவில்லை. டயர்தான் கொஞ்சம் பிதுங்கியது. “குதிங்கவே” என்றார் ஃபோர்மேன். குதித்தார்கள். ஒருவர், “என்ன அண்ணாச்சி, வண்டிக்குத் தாலாட்டா?” என்று கேட்டுவிட்டு இன்னும் ஓங்கிக் குதித்தார். ஸ்பிரிங் அசையவில்லை.

எங்கே இறுகியது? பட்டையின் பின்முனை தொங்கும் ஷாக்கிள் என்ற ஊசல் துண்டு துருப்பிடித்திருந்தால் இப்படி ஆகும். கம்பியால் நெம்பினோம், நன்றாக அசைந்தது. முன்முனை ஆணியும் சரி. மிச்சம் பட்டைக்கட்டுதான். அது கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தோல் உறை, அதன்மேல் வருஷக்கணக்கான கிரீஸும் புழுதியும்.

அந்த உறையை நாங்கள் முதல் நாளே பார்த்திருந்தோம். பார்த்துச் சும்மா விட்டோம். காரணம், எங்கள் இருவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. சில சீமை வண்டிகளில் பட்டைக்குள் புழுதி போகாமல், கிரீஸ் வெளியே வராமல் இருக்க, தோலுறை தைத்தே அனுப்புவார்கள். நான் புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன், ஃபோர்மேன் பட்டாளத்தில் நேரிலேயே பார்த்திருந்தார். உறை இருந்தால் உள்ளே பட்டை பத்திரமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைக் கிழிப்பது பாவம்.

இப்போது அடியில் படுத்துத் துணியால் புழுதியைத் துடைத்துப் பார்த்தேன். புத்தகத்துப் படத்தில் உறைக்கு நீளவாக்கில் ஒரு தையல் இருக்கும், பூட்ஸுக்குக் கயிறு கோத்தது மாதிரி. இதில் தையலே இல்லை. ஒரே வார், அடிமுதல் நுனிவரை சுற்றிச் சுற்றிப் போயிருந்தது. நகத்தால் தட்டினேன். தோல் சத்தம் வரவில்லை. கட்டைச் சத்தம்.

“ஸார், இது கம்பெனி உறை இல்ல. யாரோ கட்டினது.”

சுடலைமுத்துவை அழைத்து வரச் சொன்னோம். வந்து குனிந்து பார்த்தார்.

“ஆமா. நான்தான் கட்டினேன். பஞ்சாலையில இருக்கையில குருவிகுளம் ரோட்டுல பொதியோட வந்தப்பம் ஒரு பட்டை முறிஞ்சி போச்சி. அங்கன ஒர்க்ஷாப்பா இருக்கு? எங்க ஊர் வண்டி ஆசாரிகிட்ட எருமைப் பச்சத்தோல் வாரு வாங்கி, ஊறவச்சி, இழுத்துச் சுத்தினேன். மறுபக்கமும் கட்டினேன், ஒரு பக்கம் கட்டினா வண்டி சாயும்லா? அன்னைலேர்ந்து ஒரு தொந்தரவு இல்ல.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. மாட்டுவண்டியில் நுகத்தடியோடு சேரும் ஏர்க்கால் மரம் விரிசல் விட்டால் அந்தப் பக்கத்தில் இதுதான் வைத்தியம். ஈரத் தோலை இழுத்துச் சுற்றிவிடுவார்கள். வெயிலில் காயக் காய அது சுருங்கி இறுகும், இரும்பு வளையம் தோற்கும். ஏர்க்கால் அசையாமல் நிற்கத்தான் வேண்டும், ஆகவே அங்கே அது சரி. ஸ்பிரிங்குக்கு அசைவதுதான் வேலை. அதைப் போய் அசையாமல் கட்டிப்போட்டதில், வழுக்க வேண்டிய பட்டைகளெல்லாம் துருவேறி ஒரே கட்டையாகிவிட்டன. பொதி சுமந்தவரை யாருக்கும் தெரியவில்லை. பஞ்சுப் பொதி வலிக்கிறது என்று சொல்லாது.

“அண்ணாச்சி, இந்தக் கட்டுதான் வண்டியக் குலுக்குது” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஃபோர்மேனைப் பார்த்தார். ஃபோர்மேன் தலையை ஆட்டினார். சுடலைமுத்து இடுப்பிலிருந்த சூரிக்கத்தியை எடுத்து, “தள்ளும் தம்பி” என்று அடியில் புகுந்தார். அவர் கட்டினதை அவர்தான் அறுத்தார். கத்தி வழுக்கியது, அவ்வளவு இறுக்கம். கடைசிச் சுற்று விட்டதும் சட்டம் சடாரென்று இறங்கி இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது.

இரண்டாவது பட்டை இரண்டு துண்டு. இத்தனை காலம் வண்டியைத் தாங்கி நின்றது அந்தத் தோல்தான்.

வெளியே வந்த சுடலைமுத்துவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “குலுங்கினாலும் ஓடிக்கிட்டிருந்த வண்டி. இப்பம் அதுவும் இல்ல. மேக்க பாத்தீரா? மூடிட்டு வருது. நான் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்ல?”

ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிற்கவைத்தது என் கண்டுபிடிப்பு. மதுரைக்குப் போய்ப் பட்டை வாங்கிவர நேரம் இருக்காது. கையில் ஸ்பானரோடு நின்றேன்.

ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் பார்வை பட்டைக்கட்டின் மேலேயே இருந்தது. மெல்ல விரலை நீட்டி அடுக்கை எண்ணினார்.

“ஏலே எஸ்ஸெல்சி. இந்த வண்டிக்குப் பட்டை எத்தன?”

புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன்.

“இதுல ஒண்ணு கூட இருக்கு பாரு. பொதி ஏத்துததுக்குன்னு ஆலைக்காரன் கூடுதலாப் போட்டுருக்கான். எங்கன? அடியில. நம்ம வண்டிக்கு அந்தப் பட்டை எதுக்கு? கர்ப்பஸ்திரீ பஞ்சுப் பொதியா?”

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முறிந்த இரண்டாவது பட்டையின் இடத்துக்கு, வேண்டாத அந்தப் பட்டையையே வளைத்துப் போட்டுவிடலாம். வேண்டாததும் போகும், இல்லாததும் வரும்.

பிரித்தோம். யு போல்ட், நடு போல்ட் எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. வலது பக்கத்துத் தோல்வாரையும் சுடலைமுத்து அறுத்துப்போட்டார். அங்கே பட்டை ஒன்றும் முறியவில்லை, ஆனால் துரு அதே துரு. அங்கேயும் இருந்த கூடுதல் பட்டையைக் கழற்றி எடுத்துவிட்டோம். ஒவ்வொரு பட்டையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரும்பு தெரிந்த பிறகு கிராபைட் கலந்த கிரீஸ் பூசினோம். கூடுதல் பட்டையின் வளைவு வேறு, நீளம் வேறு. நெருப்பில் காட்டினால் அதன் உயிர் போய்விடும் என்று ஃபோர்மேன் சுடவிடவில்லை. பட்டறைக் கல்லில் வைத்து, பச்சையாகவே, அங்குலம் அங்குலமாகத் தட்டினார். தட்டித் தட்டி மற்றப் பட்டையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். இடையில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி தட்டு. நுனியை நான் ரம்பம் போட்டு அறுத்தேன். அதற்கே ரம்ப அலகுகள் தேய்ந்து குவிந்தன. சுடலைமுத்து ஒரு பக்கம் பட்டை பிடித்தார், ஒரு பக்கம் மேற்கே பார்த்தார். “அங்க என்னவே பாக்கீரு? மழைக்குக் கண்ணு போடாதேயும். பட்டையப் புடியும்” என்று ஃபோர்மேன் அவரை வாயடைத்தார்.

பூட்டி முடித்ததும் மறுபடி ரப்பர் கட்டைக்கு அடியில் களிமண். மறுபடி கட்டைவிரல். ஆட்கள் ஏறிக் குதித்தபோது இந்த முறை சட்டம் இறங்கி ஏறியது. ஏறும்போது ஒருவர் விழப்பார்த்தார். ஷாக் அப்சர்பரில் எண்ணெய் மாற்றிப் பழையபடி இணைத்தோம்.

“வெறும் வண்டி துள்ளத்தான் செய்யும். மணல் மூட்டை போடு, அச்சுக்கு நேர் மேல” என்றார் ஃபோர்மேன். போட்டோம். ஆலைக்காரன் போட்ட இரும்பை எடுத்துவிட்டு மணலைப் போடுகிறோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கணக்கு சரி. கொஞ்சம் பாரம் இருந்தால்தான் ஸ்பிரிங் பாதி வளைந்து நிற்கும், மேலேயும் கீழேயும் போக இடம் இருக்கும்.

“சுடலை, சாவிய எடும்” என்றார்.

சுடலைமுத்து எடுக்கவில்லை. “நீங்க ஓட்டும். நான் பின்னால படுத்துப் பாக்கேன்.”

இத்தனை வருஷம் அந்த வண்டியை ஓட்டியவர், ஒரு நாள்கூடப் பின்னால் ஏறியது கிடையாதாம். ஏறிப் பலகையில் படுத்தார். நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதே ரோடு, அதே பள்ளங்கள். ஃபோர்மேன் ஒன்றையும் விடவில்லை. வண்டி இறங்கியது, ஏறியது, ஒரு முறை அசைந்து அடங்கியது. அறை இல்லை. சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்திருந்தார். ஆம்பிளை படுக்கும் விதம் இல்லை அது. பேச்சியாகப் படுத்திருந்தார்.

வண்டி திரும்பும் இடத்தில் கண்ணைத் திறக்காமலே கேட்டார், “தம்பி, இப்பம் பெரிய பள்ளம் போயிட்டா?”

“போயிட்டு அண்ணாச்சி.”

“எப்பம்?”

எழுந்து உட்கார்ந்து, தகரத்தைத் தட்டினார். “ஃபோர்மேன், இனி நான் ஓட்டுதேன். இங்கிட்டே திருப்பும், குருவிகுளத்துக்கு.”

“ஏம்வே, களிமண்ணப் பாக்க வேண்டாமா?”

“அது எஸ்ஸெல்சி பாக்கட்டும். எனக்குத் தெரிஞ்சிட்டு.”

நான் இறங்கி அடியில் குனிந்து பார்த்தேன். உருண்டையின் உச்சி மட்டும் லேசாகத் தட்டையாகியிருந்தது. ரேகையில் பாதி போயிருந்தது. ஸ்பிரிங் தன் எல்லைவரை போய், முட்டாமல் திரும்பியிருக்கிறது. அதைவிடச் சரியாக யாராலும் அமைக்க முடியாது.

போகும் வழியில் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் மெத்தையும் ஏறிக்கொள்ள, பேச்சியை அன்றே கூட்டி வந்தார்கள். நான் போகவில்லை, இடமில்லை. திரும்பி வந்து சங்கரன்கோவிலுக்குள் வண்டி நுழையும்போது தூறல் விழ ஆரம்பித்துவிட்டது என்று கூடப் போன ஃபோர்மேன் சொன்னார். மறுநாளிலிருந்து அந்தக் கரிசல் ரோட்டில் காளைமாடுகூட இறங்கவில்லை. பேச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதக்கணக்காகப் படுத்திருந்தாள். மார்கழியில் பெண் பிறந்தது. சுடலைமுத்து ஒர்க்ஷாப்புக்கு வந்து கற்கண்டு கொடுத்தார். அறுத்துப்போட்ட தோல்வார் மூலையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, “இத நான் எடுத்துக்கிடலாமா? ஏர்க்காலுக்கு ஆகும்” என்று கேட்டு வாங்கிப்போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகள். பஸ் கம்பெனி, பிறகு அரசு டிப்போ, பிறகு நானே ஃபோர்மேன். எனக்குக் கீழே வேலை செய்தவர்களிடம் நான் சொன்னதெல்லாம் இரண்டுதான். வலி யாருக்கோ, அவர் இருக்கும் இடத்தில் போய் இரு. நீ நினைப்பதை நம்பாதே, அதைத் தப்பென்று காட்டக்கூடிய ஒரு சோதனையை முதலில் செய். கையைத் துடைக்கும் பழக்கம் மட்டும் எனக்கு வரவில்லை. அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது, இப்போதும் கிடையாது.

கிடையாது என்பதால்தான் இதை அவசரமாக எழுதி முடிக்கிறேன். டிப்போப் பையன்களில் செல்வராஜ் என்று ஒருவன், நேற்று வந்திருந்தான். குருவிகுளம் போகும் ஒரு பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார முடியவில்லையாம், பிள்ளைத்தாச்சிப் பெண்களைக் கண்டக்டரே முன்னால் அனுப்பிவிடுகிறாராம். புதுப் பட்டை மாற்றியும் சரியாகவில்லை, இன்னொரு பட்டை சேர்க்கலாமா என்று யோசிக்கிறார்களாம்.

“நீ அந்தக் கடைசி சீட்டுல உக்காந்து போனியாலே?” என்று கேட்டேன்.

அவன் தலையைச் சொறிந்தான். பதில் தெரிந்துவிட்டது.

நாளைக் காலை முதல் டிரிப்பில் போகிறேன். இந்த வயதில் அந்த சீட்டு எதற்கு என்று என் வீட்டுக்காரிக்குக் கோபம். டிபன் பாக்ஸில் ஈரத்துணி சுற்றிக் களிமண் வைத்திருப்பதை இன்னும் பார்க்கவில்லை. பஸ் புறப்படுவதற்கு முன்னால் செல்வராஜ் அடியில் புகுந்து அதை ஒட்டுவான். அமுக்கப்போவது அவன் கட்டைவிரல். குருவிகுளத்தில் இறங்கியதும் அவன் ரேகை என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.